பழப்புளி பட்ட கல்

இருபத்திரண்டு. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

எண்ணூறு என்ற எண்ணை நீங்கள் எப்படியும் மறக்கப்போவதில்லை. கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அந்த அங்கிலிக்கன் கோயிலின் வாசலைத் தாண்டியதும் ஒரு கல் தொட்டி நிற்கும். ஞானஸ்நானத் தொட்டி. பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்தது, இங்கிலாந்தில் செதுக்கப்பட்டது, கப்பலில் வந்தது என்று அதில் வெட்டியிருக்கிறது. கொண்டுவந்த கனவானின் பெயர் பெரிய எழுத்தில். கல்லைக் கொத்தியவனின் பெயர் இல்லை. அவனை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தகட்டையும் தொட்டியையும் துடைத்தவரின் பெயரும் இல்லை. அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். லோறன்ஸ் பஸ்ஸில் காலையில் ஏறினால் முன்சீற்றில் இருப்பார். பெயர் பேர்ணடெற். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. அந்தக் கோயிலைத் துடைத்த ஆண்டுகள் இருபத்திரண்டு.

கனடாவுக்கு வந்த புதிதில் அவர் டவுன்ரவுனில் கண்ணாடிக் கட்டடங்களின் கந்தோர்களைத் துப்புரவு செய்தார். ஒருநாள் ஏஜென்சிக்காரன் பாதிப் பேரை வரவேண்டாம் என்றான். காரணம் சொல்லவில்லை. கேட்க ஆளும் இல்லை. கணவர் கிளிபோட் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை, மகள் ஸ்டெபனி அப்போது பள்ளிக்கூடம். உடுப்புத் தோய்க்கும் கடைச் சுவரில் ஒட்டியிருந்த வேலை விளம்பரத் துண்டைப் பார்த்துத்தான் பேர்ணடெற் இந்தக் கோயிலுக்கு வந்தார். அவர் கத்தோலிக்கர். ஞாயிறு தமிழ்ப் பூசையைத் தவறவிடாதவர். "இங்கிலீஷ்காரற்றை கோயில் எனக்கு வேலைத்தலம், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தார்.

அது அவ்வளவாக நிற்கவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் தொட்டியின் விளிம்பில் விரலை வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார். உள்ளே தண்ணீர் இருக்காது. இருந்தாலும் போடுவார். ஞானஸ்நானம் நடந்த நாளில் தொட்டியின் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றக் கூடாது. அடியில் இருக்கும் துளையைத் திறந்தால் அது கல்லுக்குள்ளால் இறங்கி நேரே மண்ணுக்குப் போகும். இதை முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். நிலம் துடைத்த வாளியை அந்தத் தொட்டியின் பக்கத்தில் வைக்கவே மாட்டார். வேறு யாரும் வைத்தால் அவர் போடும் சத்தத்தில் கோயில் அதிரும்.

வைப்பவன் மரியோ. கோயிலின் பராமரிப்பாளன். மன்னார்ப் பக்கம் பேசாலையைச் சேர்ந்தவன், நாற்பதை எட்டுகிறான். வாசலில் கொட்டும் சினோப் பனியை வழிப்பான், பொயிலரோடு மல்லுக்கட்டுவான், கூரைத் தகரம் தட்டுவான். பேஸ்மென்டில் ஒரு அறையில் குடியிருப்பு. பனிச்சப்பாத்தோடு உள்ளே வருவான்.

"டேய், கால் இருக்கோ உனக்கு, இல்லாட்டி சினோ அள்ளுற மெசினோ? இப்பத்தான் துடைச்சனான்!"

"அக்கா, நான் வராட்டி உங்களுக்கு இஞ்சை என்ன வேலை? ஊத்தை போட ஒருத்தன் வேணுமெல்லே."

"வாய் மட்டும் மன்னாருக்குக் கேக்கும். சப்பாத்தைக் கழட்டு."

தினமும் இதே கதைதான். மத்தியானம் இருவரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

போன ஆண்டு சபை அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட நினைத்தது. பழங்கற்களைப் படித்த மாக்கஸ் என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பார்க்குமுன் படங்களை அனுப்பச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளைகள், ஈயத்தால் அடைத்தவை. ஒவ்வொன்றின் கீழும் கல்லில் வழிந்த கறள் தடம், இரும்புத் துரு. அவர் எழுதியதைப் பங்குக் குரு மெலிசா எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத் தண்ணீரை ஆசீர்வதித்துத் தொட்டியிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். சனம் அதைக் களவாக அள்ளிக்கொண்டு போகும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்கு நோய், அயலவனுக்குச் சூனியம், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஆகவே தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டச் சொல்லி ஆயர்கள் கட்டளையிட்டார்கள். இரும்புக் கொண்டியைக் கல்லில் இறக்கி ஈயம் ஊற்றினார்கள். பிறகு ஒரு காலம் வந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு கூட்டம் தொட்டிகளைத் தூக்கி வெளியே போட்டது. இந்தத் தொட்டி ஒரு பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியானது. மாடு குடித்தது, கொண்டி உக்கி விழுந்தது, கறள் மட்டும் கல்லில் நின்றது. கொண்டி போன பிறகு பூட்டுக்கு மிஞ்சிய சாட்சி அந்தக் கறள்தான். அதைத் தொட்டுப் பார்க்கவே வருகிறேன் என்று மாக்கஸ் எழுதியிருந்தார்.

வாசித்தது ஞாயிறு ஆராதனையில். பேர்ணடெற் அந்த நேரம் தமிழ்ப் பூசையில் இருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. துடைக்கிறவளுக்கு எதற்குச் சரித்திரம்?

சொன்னதெல்லாம் வேறொன்று. சொன்னவர் கோயில் வாடன் அல்பேட் நவரட்ணம். கோயிலின் கட்டடமும் சாமான்களும் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் குடும்பம், ஓய்வுபெற்ற எஞ்சினியர், எந்த வெயிலிலும் கழுத்தில் ரை கட்டுபவர். கெட்டவர் அல்லர். ஆனால் உத்தரவை ஒருமுறை போட்டால் அதற்குப் பிறகு கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பேர்ணடெற், வாற கிழமை பெரிய ஆள் ஒராள் தொட்டியைப் பாக்க வாறார். எல்லாம் பளிச்செண்டு இருக்கவேணும். ஒரு ஊத்தை தெரியக் கூடாது. விளங்குதோ?"

"நான் எப்ப அண்ணை ஊத்தையா விட்டனான்?"

"விட்டனீர் எண்டு சொல்லேல்லை. பளிச்செண்டு இருக்கவேணும் எண்டுதான் சொல்லுறன்."

பளிச்சென்று இருக்கவேண்டும். பேர்ணடெற் தொட்டியைச் சுற்றிவந்தார். இத்தனை ஆண்டாக அவருடைய கண்ணை உறுத்திய ஊத்தை ஒன்றே ஒன்று. விளிம்பில் மண்ணிறமாக வழிந்த அந்த இரண்டு கறள் கோடுகள். சவர்க்காரத்துக்குப் போகாது. பிளீச்சைக் கல்லில் ஊற்ற அவருக்கு மனம் வராது. பொல்லாத மருந்து ஒன்றும் ஆண்டவரின் தொட்டியில் படக் கூடாது.

பொல்லாப்பில்லாத மருந்து வீட்டில் இருந்தது. பித்தளை விளக்கு, குத்துப்போணி, மாதா சுருவத்தின் முடி, எதுவானாலும் பழப்புளியைப் பிசைந்து பூசி ஊறவிட்டுத் தேய்த்தால் தங்கம்மாதிரி வரும். அரிவாளின் கறளே போகும். கோயிலின் மெழுகுதிரித் தண்டுகளை அவர் அப்படித்தான் மினுக்குகிறார். சாப்பிடுகிற சாமான், யாருக்கு என்ன செய்யும்?

அந்த வாரம் ஒவ்வொரு பின்னேரமும் கறள் கோடுகளில் புளியை அப்பி, மேலே ஈரத்துணி போட்டுவிட்டுப் போனார். காலையில் கழுவித் தேய்த்தார். வெள்ளிக்கிழமை கோடுகள் இல்லை. அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். நல்ல வேலை செய்தவருக்கு வரும் திருப்தி இருக்கிறதே, அது அவருக்கு வந்தது.

திங்கட்கிழமை மாக்கஸ் வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். விரலால் விளிம்பைத் தடவினார். கறள் இருந்த இடம் வெளிறி, சீனி தூவியதுபோலச் சொரசொரத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த உளித்தடமும் மழுங்கியிருந்தது.

"யாரோ அசிட் போட்டிருக்கிறார்கள்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "இது சுண்ணாம்புக் கல். அசிட் பட்டால் கரையும். துளைகள் இருக்கின்றன, ஈயம் இருக்கிறது. தடம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது."

மெலிசா அப்படியே வாங்கில் அமர்ந்துவிட்டார். அல்பேட் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல். பொயிலரின் உப்புப்படிவைக் கரைக்கிற அசிட். மரியோவுடையது.

மரியோவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போத்தல் கிடைத்தது, போத்தலுக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்தான், விசாரணை முடிந்தது. உலகத்தில் பாதி வேலைநீக்கம் இப்படித்தான் நடக்கிறது. வருகிற ஞாயிறு வருடாந்தச் சபைக் கூட்டம். அதில் மரியோவை மாதக் கடைசியோடு நிறுத்தத் தீர்மானம் கொண்டுவருவதாக அல்பேட் அறிவித்தார். வேலை போனால் பேஸ்மென்ட் அறையும் போகும்.

யாரோ அசிட் ஊற்றித் தொட்டியைப் பழுதாக்கிவிட்டார்கள் என்று மட்டுமே கேள்விப்பட்ட பேர்ணடெற்றுக்கு மரியோமேல் பொங்கிய கோபத்தைச் சொல்லி முடியாது.

"நான் அவ்வளவு பாடுபட்டு மினுக்கி வைக்கிறன், நீ போய் அசிட்டை ஊத்திறியோ? உனக்கு அறிவில்லையோ?"

"அக்கா, மாதா மேலாணை. நான் அந்தப் போத்திலைப் பொயிலர் அறையை விட்டு வெளியிலை எடுக்கவேயில்லை."

"அப்ப அசிட் என்ன, பறந்து வந்ததோ?"

"தெரியாது அக்கா. நீங்களுமோ?"

அந்த வாரம் அவர்கள் ஒன்றாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பேர்ணடெற் றிச்மண்ட் ஹில்லுக்கு மகள் வீட்டுக்குப் போனார். ஸ்டெபனி புது வீடு வாங்கிக் குசினிக்கு வெள்ளை மாபிள் மேடை போட்டிருந்தாள். மீன் குழம்பு வைக்கலாம் என்று பேர்ணடெற் பழப்புளியை உருட்டி மேடையில் வைத்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் பாய்ந்தாள்.

"அம்மா, ஸ்டொப்! மாபிளிலை புளி வைக்காதேங்கோ! போன கிழமை தேசிக்காய் வச்சே பேர்ண் ஆகிட்டுது, லுக்!"

மேடையில் வட்டமாக மங்கிய அடையாளம். பேர்ணடெற் விரலால் தடவினார். சொரசொரத்தது.

"இதென்ன பிள்ளை?"

"அசிட் அம்மா. புளி, தேசிக்காய், வினாகிரி எல்லாம் அசிட்தான். ஸ்கூல்லை படிப்பிச்சவை."

"சாப்பிடுற புளியோ?"

"சாப்பிடுற புளிதான். ஏன், வாட் ஹப்பின்ட்?"

பேர்ணடெற் புளியைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அசிட் என்றால் போத்தலில் வருவது, மண்டையோட்டுப் படம் போட்டது என்றே அவர் நினைத்திருந்தார். தொட்டியின் விளிம்பும் இந்த மேடையும் விரலுக்கு ஒன்றாக இருந்தன. மரியோ மாதாமேல் ஆணையிட்டதும், தான் அவனை ஏசியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், கிளிபோட்டுக்குச் சொன்னார். கிளிபோட் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"இஞ்சை பாரும். ஆருக்கும் தெரியாது. பேசாமல் இரும். உமக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான், பிறகு பென்சன். உவன் இளம் ஆள், வேறை வேலை எடுப்பான்."

"உவன் எடுப்பான். எடுக்கேக்கை பழைய இடத்திலை ஏன் நிப்பாட்டினவை எண்டு கேப்பினம். என்னத்தைச் சொல்லுவான்?"

"அது அவன்ரை பாடு."

"அவன்ரை பாடில்லை. என்ரை புளி."

கிளிபோட் விளக்கைப் பார்த்தார். "பச்சை விழுந்திட்டுது" என்றார் பேர்ணடெற். அதோடு பேச்சு முடிந்தது. சனிப் பின்னேரப் பூசைக்கு இறக்கிவிடச் சொன்னார். ஞாயிறு காலையில் அவருக்குச் சபைக் கூட்டத்தில் வேலை இருந்தது.

கூட்டம் கோயில் மண்டபத்தில். ஒரு மேசையில் கோப்பியும் மஃபினும். முன்னால் மெலிசா, பக்கத்தில் அல்பேட். சபையின் உறுப்பினர்கள் நாற்பது பேர்வரை இருந்தார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள், நடுவே இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம். மரியோ கடைசி வரிசையில், ஜக்கெற் சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இருந்தான். பேர்ணடெற் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் அமர்ந்தார். அவன் முகத்தைத் திருப்பினான்.

"திருப்பு, திருப்பு. உனக்கு அந்த உரிமை இருக்கு" என்றார் பேர்ணடெற். அவனுக்கு விளங்கவில்லை.

அல்பேட் அந்தக் கறள் தடத்தின் பெறுமதியைச் சொல்லித் தீர்மானத்தை வாசித்தார். ஒருவர் வழிமொழிந்தார். பேசுபவர் உண்டா என்று மெலிசா கேட்டார். பேர்ணடெற் எழுந்தார்.

அவர் உறுப்பினர் அல்லர். பேச உரிமை கிடையாது என்று அல்பேட் சொல்ல வாயெடுத்தார். மெலிசா கையைக் காட்டி நிறுத்தினார். "பேர்ணடெற் பேசட்டும்."

"மரியோ நோ. மீ" என்றார் பேர்ணடெற் இங்கிலீஷில். பிறகு அந்த மொழி போதவில்லை. அல்பேட்டைப் பார்த்தார். "அல்பேட் அண்ணை, நான் தமிழிலை சொல்லுறன். நீங்கள் இவையளுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ."

அல்பேட்டுக்கு வேறு வழி இல்லை. எழுந்து நின்றார்.

"அந்தக் கல்லைப் பழுதாக்கினது நான். கறளைப் பாத்தா எனக்கு ஊத்தையாத் தெரிஞ்சுது. பழப்புளி அப்பித் தேய்ச்சனான். மரியோ ஒண்டும் ஊத்தேல்லை. நானும் அவனைத்தான் பேசினனான். எனக்கு நேற்றுத்தான் விளங்கினது."

அல்பேட் மொழிபெயர்க்கவில்லை.

"பழப்புளியோ?"

"ஓம்."

"கல்லிலை ஆர் பழப்புளி போடுறது, பேர்ணடெற்?"

"போடக் கூடாதெண்டு ஆரும் சொல்லேல்லை அண்ணை. அந்தக் கறள் பெரிய சாமான் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. பளிச்செண்டு இருக்கவேணும் எண்டுதான் சொன்னனீங்கள். அதையும் சொல்லுங்கோ."

அல்பேட் சபையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் தொடங்கினார். உதவி செய்யும் நல்லெண்ணத்தோடு பேர்ணடெற் ஏதாவது பாவித்திருக்கக்கூடும் என்று...

"அண்ணை, எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும். கூடும் கீடும் வேண்டாம். நான் போட்டனான். அப்பிடியே சொல்லுங்கோ."

தமிழ்க் குடும்பங்களிலிருந்து யாரோ சிரித்தார்கள். அல்பேட் இந்த முறை ஒன்றையும் விடாமல் சொன்னார். பழப்புளி, கறள், ஊறவிட்ட துணி, தன்னுடைய உத்தரவு, பளிச்சென்று என்ற சொல் உட்பட. அவருடைய காது சிவந்துகொண்டே போனது. இருந்தாலும் சொன்னார். அதை அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

முன்வரிசையில் கரோலின் என்ற கிழவி கையைத் தூக்கினாள். "பழப்புளி என்றால் தாய்லாந்து நூடில்ஸில் போடுவார்களே, அதுவா?"

"அதேதான்" என்றார் மெலிசா.

"அடக் கடவுளே. அதை நான் வாரா வாரம் சாப்பிடுகிறேன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அல்பேட் தானாகவே இன்னொன்றைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் பித்தளைக்குப் பழப்புளிதான் என்றார். போத்தலைக் கண்டதும் மரியோவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை என்றார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அமர்ந்தார்.

மரியோ சிப்பை மெல்லக் கீழே இழுத்தான்.

"அக்கா, மாதாவிட்டைப் போய் இப்ப நீங்கள் என்னத்தைச் சொல்லுவியள்?"

"நேற்றே சொல்லிப்போட்டன். நீ சும்மா இரு."

முடிந்தது என்று நினைக்காதீர்கள். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, அப்படியானால் இந்த அம்மாவை என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மரியோவுக்கு ஒரு சட்டம், பேர்ணடெற்றுக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாது. பேர்ணடெற் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வந்திருந்தார். நடந்து போய், இருபத்திரண்டு ஆண்டாகக் கோயில் கதவைத் திறந்த அந்தத் திறப்பை மெலிசாவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

மெலிசா திறப்பைத் தொடவில்லை. இரண்டு பேரும் வேலையில் இருப்பார்கள், தொட்டியை இனிமேல் வெறும் தண்ணீரால் மட்டும் துடைப்பது, எதை எப்படித் துடைப்பது என்று முதலில் துடைக்கிறவர்களோடு இருந்து பேசுவது. இதைத் தீர்மானமாக வைக்கிறேன், ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

பேர்ணடெற் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ மஃபின் துணுக்கைக் கொட்டியிருந்தார்கள். எண்ணவேண்டியது வாடனின் வேலை. அல்பேட் நவரட்ணம் எழுந்து, விரலை நீட்டி, வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையை முடித்துவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு தன்னுடைய கையையும் தூக்கி அதையும் சேர்த்து எண்ணினார்.

முப்பத்தேழு.